கடிகாரங்களைத் தேடிய திவான்

முன்னொரு காலத்தில் நம் கோவை மக்களுக்கு நேரம் சொன்னவை பஞ்சாலைச் சங்குகள். சங்கு ஊதினால் ஷிப்ட் மாறும். ஷிப்ட் மாறினால் அடுப்பில் உலை ஏறும். டவுன்ஹால் பக்கம் போகிறவர்கள் மணிக்கூண்டை அண்ணாந்து பார்த்துக்கொள்வார்கள். மூவேளை செபத்திற்கு ஆலய மணி ஒலிக்கும். வீட்டில் சொந்தமாக ஒரு கடிகாரம் மாட்டியிருப்பது அக்காலத்தில் பெருமைக்குரிய செய்தி என்று எங்கள் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

அத்தகைய கடிகாரங்களை ஒன்றல்ல, இரண்டல்ல, ஒரு பெரிய கூடம் நிறையத் தேடிச் சேர்த்தவர் ஒருவர் நம் நாட்டில் வாழ்ந்தார். இவ்வாண்டு கல்விச் சுற்றுலாவாக நாங்கள் சபரி விரைவு ரயிலில் ஏறி ஹைதராபாத் சென்றபோது, மூசி நதியின் தென்கரையில் அமைந்துள்ள அவருடைய அருங்காட்சியகத்தைக் கண்டு வந்தோம். கண்டதோடு நில்லாமல், அவரைப் பற்றிப் படித்தும் கேட்டும் அறிந்தவற்றை நம் பள்ளி மலரின் வாசகர்களுக்குத் தர விரும்புகிறோம். அவர்தாம் மூன்றாம் சாலார் ஜங் எனப் புகழ்பெற்ற மீர் யூசுப் அலி கான்.

தந்தை முகம் அறியாத குழந்தை

யூசுப் அலி கான் 1889ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 13ஆம் நாள் பூனா நகரில் பிறந்தார். நம் ஊர் அறிவியல் மேதை ஜி. டி. நாயுடு பிறப்பதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு என்று சொன்னால் நமக்கு எளிதில் விளங்கும்.

அவர் பிறந்த குடும்பம் ஹைதராபாத் அரசில் மிகப் பெரிய குடும்பம். பாட்டனார் முதலாம் சாலார் ஜங், 1853 முதல் 1883இல் கண்மூடும் வரை முப்பது ஆண்டுகள் திவானாக இருந்தவர். மூன்று நிஜாம்களிடம் பணியாற்றி, சீர்குலைந்து கிடந்த அரசின் வருவாயையும் நிர்வாகத்தையும் ஒழுங்கு செய்தவர். தந்தையார் இரண்டாம் சாலார் ஜங் மீர் லாயிக் அலி கானும் 1884 முதல் 1887 வரை அதே பதவியில் இருந்தார்.

ஆனால் செல்வமும் பெருமையும் நிறைந்த அந்தத் தொட்டிலின்மீது மிக விரைவில் நிழல் விழுந்தது. குழந்தை பிறந்து ஒரு மாதம் நிறைவதற்கு முன்பே, அதே 1889ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் தந்தை காலமானார். அவருக்கு வயது இருபத்தாறுதான். தந்தையின் குரலையோ முகத்தையோ அறியாமல் அக்குழந்தை வளர்ந்தது. குடும்பத்தின் மாளிகையும் நிலங்களும் நிஜாம் அரசின் மேற்பார்வையில் காக்கப்பட்டன. பிற்காலத்தில் காலத்தை அளக்கும் கருவிகளை இவ்வளவு ஆசையோடு தேடியவருக்கு, தந்தையோடு வாழக் கிடைத்த காலம் ஒரு திங்கள்கூட இல்லை. இதைப் படித்தபோது எங்கள் மனம் கனத்தது.

இருபத்து மூன்று வயதில் திவான்

1911இல் மீர் உஸ்மான் அலி கான் ஏழாவது நிஜாமாக அரியணை ஏறினார். மறு ஆண்டே, 1912இல், இருபத்து மூன்று வயதே ஆன யூசுப் அலி கானைத் திவானாக நியமித்தார். பாட்டனாரும் தந்தையும் அமர்ந்த நாற்காலியில் பேரன் அமர்ந்தார். பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்த சமஸ்தானங்களிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்றின் பொறுப்பு அந்த இளந்தோள்களில் ஏறியது.

இரண்டு ஆண்டுகளே அப்பதவியில் இருந்தார். 1914ஆம் ஆண்டு விலகிவிட்டார். நிஜாமே சில ஆண்டுகள் நிர்வாகத்தை நேரடியாக நடத்தினார்.

இருபத்தைந்து வயதில் பெரும்பதவியை விட்டு விலகியவர்கள் என்ன செய்வார்கள்? சிலர் மனம் கசந்து ஒதுங்குவர். சிலர் மீண்டும் பதவி கிடைக்க வழி தேடுவர். யூசுப் அலி கான் வேறு வழி கண்டார். அடுத்த முப்பத்தைந்து ஆண்டுகளையும், தம் ஜாகிரிலிருந்து வந்த வருவாயின் பெரும்பகுதியையும் அழகிய பொருள்களைத் தேடுவதில் செலவிட்டார். திருமணம் செய்துகொள்ளவில்லை.

தேடலே வாழ்வாயிற்று

சேகரிக்கும் ஆர்வம் அவருக்குப் பாட்டனார் வழி வந்தது எனலாம். முதலாம் சாலார் ஜங் 1876இல் ஐரோப்பா சென்றபோது ரோம் நகரில் ஒரு சலவைக்கல் சிலையை வாங்கி வந்தார். இத்தாலியச் சிற்பி பென்சோனி செதுக்கிய ரெபேக்காவின் சிலை அது. நம் விவிலியத்தில் ஈசாக்கின் மனைவியாக வரும் அதே ரெபேக்காதான். முகத்தை மூடிய மெல்லிய திரையின் ஊடே கண்ணும் மூக்கும் உதடும் தெரிகின்றன. திரையும் கல், முகமும் கல் என்று நம்புவதற்கு எங்களுக்குச் சற்று நேரம் பிடித்தது.

பேரனோ பாட்டனாரை வெகுதூரம் விஞ்சிவிட்டார். தாமே ஐரோப்பியப் பயணம் மேற்கொண்டு வாங்கினார். வெளிநாடுகளில் முகவர்களை வைத்திருந்தார். விற்பனைப் பட்டியல்கள் கப்பலேறி அவரைத் தேடி வந்தன. பழம்பொருள் வணிகர்கள் பெட்டிகளோடு அவருடைய மாளிகையான திவான் தேவ்டியின் வாயிலில் வந்து நின்றார்கள். பாரசீகக் கம்பளம், சீனப் பீங்கான், ஜப்பானியப் பட்டோவியம், முகலாயர் காலத்து மரகதப் பச்சைக் கல் வேலைப்பாடுகள், நூர்ஜஹானுடையது எனப்படும் குத்துவாள், அரபியிலும் பாரசீகத்திலும் உருதுவிலும் எழுதப்பட்ட கையெழுத்துச் சுவடிகள் என்று மாளிகையின் அறைகள் நிறைந்தன. சிறுவர் விளையாடும் பொம்மைகளைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. கவிஞர்களையும் எழுத்தாளர்களையும் ஆதரித்தார்.

இன்று அருங்காட்சியகத்தில் உள்ள கலைப்பொருள்கள் மட்டும் 40,000க்கும் மேல். ஒரு தனிமனிதரின் சேகரிப்பாகத் தொடங்கி இவ்வளவு பெருகிய அருங்காட்சியகங்கள் உலகில் மிகச் சிலவே.

கடிகாரக் கூடம்

எங்கள் கதை கடிகாரங்களைப் பற்றியது அல்லவா? அங்கே வருவோம்.

கடிகாரக் கூடத்தினுள் நுழைந்தால் எதை முதலில் பார்ப்பது என்று தெரியவில்லை. பிரான்சு, இங்கிலாந்து, சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, ஹாலந்து ஆகிய நாடுகளில் செய்யப்பட்டவை வரிசையாக நிற்கின்றன. ஆள் உயரத்திற்கு மேல் வளர்ந்த நெட்டைக் கடிகாரங்கள் ஒருபுறம். உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால்தான் வேலைப்பாடு தெரியும் என்னும்படியான குட்டிக் கடிகாரங்கள் மறுபுறம். பறவைக் கூண்டின் வடிவில் சில. பொன்முலாம் பூசிய சிற்பங்கள் தாங்கி நிற்பவை சில. நேரம் காட்டுவது ஒன்றே இவற்றின் வேலை என்றால் இத்தனை வடிவங்கள் வேண்டியதில்லை. செய்தவனின் நாடும் காலமும் ரசனையும் ஒவ்வொரு கடிகாரத்திலும் ஒளிந்திருக்கின்றன. சாலார் ஜங் தேடியது அதைத்தான் என்று எங்களுக்குத் தோன்றிற்று.

எல்லாவற்றிலும் மக்கள் மொய்ப்பது இசைக் கடிகாரத்தின் முன்புதான். கல்கத்தாவில் புகழ்பெற்றிருந்த குக் அண்டு கெல்வி நிறுவனத்தாரிடமிருந்து சாலார் ஜங் இதை வாங்கினார். பாகங்கள் இங்கிலாந்தில் செய்யப்பட்டுக் கல்கத்தாவில் பொருத்தப்பட்டவை. முந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பாகங்கள் இதனுள் இயங்குகின்றனவாம். ஒரு சிறிய கொல்லர் ஓயாமல் சுத்தியலால் அடித்து வினாடிகளை எண்ணிக்கொண்டிருக்கிறார். மணி நிறைவதற்குச் சில நிமிடங்கள் முன்பாக, தாடி வைத்த சிறு பொம்மை மனிதர் ஒருவர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வருகிறார். அத்தனை மணிக்கு அத்தனை அடி அடித்துவிட்டு உள்ளே போய்விடுகிறார். அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவுக்காக முற்றத்தில் நாற்காலிகள் போடப்பட்டிருக்கின்றன. நண்பகல் பன்னிரண்டு மணிக்குக் கூட்டம் நிரம்பி வழிகிறது.

நாங்களும் பன்னிரண்டு மணிக்குத்தான் அமர்ந்திருந்தோம். எங்கள் பக்கத்தில் தெலுங்கு பேசும் விவசாயக் குடும்பம் ஒன்று. அவர்களுக்கு அடுத்துப் பர்தா அணிந்த தாயும் மூன்று பிள்ளைகளும். பின்னால் வெளிநாட்டுப் பயணிகள் சிலர். தாடிக்காரர் கதவைத் திறந்ததும் எல்லாருடைய பேச்சும் ஒரே சமயத்தில் நின்றது. பன்னிரண்டு அடிகளையும் ஆளுக்கொரு மொழியில் எண்ணினோம். கடைசி அடி விழுந்ததும் எல்லாரும் ஒன்றாகக் கைதட்டினோம்.

மண்டையோட்டுக் கடிகாரம்

அந்தக் கூடத்தில் இன்னொரு வகையும் உண்டு. வெளிப்பெட்டியே இல்லாமல், பற்சக்கரங்களும் சுருள்வில்லும் வெளியே தெரியும்படி அமைத்த கடிகாரங்கள். அவற்றை எலும்புக்கூட்டுக் கடிகாரம் என்றுதான் அழைக்கிறார்கள். பெயரைக் கேட்டதும் எங்களில் சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். எங்களோடு வந்திருந்த அருட்சகோதரி சிரிப்பை அடக்கச் சொல்லவில்லை. எலும்புக்கூடு பெயரில்தானே இருக்கிறது, மண்டையோட்டையே கடிகாரமாகச் செய்து சட்டையில் கோத்துத் திரிந்தவர்களும் உண்டு என்று சொல்லி எங்களைத் திடுக்கிட வைத்தார்கள். அன்று மாலை தங்குமிடத்தில் அவர்கள் சொன்ன செய்தியும், பின்னர் நாங்கள் படித்தறிந்ததும் இவை.

பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில் வெள்ளியால் சிறு மண்டையோடு செய்து, அதனுள் கடிகாரத்தைப் பொருத்துவார்கள். தாடையைத் திறந்தால் நேரம் தெரியும். கழுத்துச் சங்கிலியிலோ இடுப்பிலோ தொங்கவிட்டுக்கொள்வார்கள். ஜெனீவா நகரத்துக் கைவினைஞர்கள் இதில் பெயர் பெற்றவர்கள். அக்காலக் கடிகாரங்களுக்குப் பெரும்பாலும் ஒரே முள்தான். நிமிட முள் கிடையாது. ஹேர் ஸ்பிரிங் என்று நம் ஊர்க் கடிகாரக் கடைக்காரர்கள் சொல்லும் மயிரிழைச் சுருள் 1675இல்தான் புழக்கத்திற்கு வந்தது. அதற்கு முன் நாளொன்றுக்குக் கால் மணி, அரை மணி பிசகுவது சாதாரணம். ஆகவே மண்டையோட்டுக் கடிகாரம் நேரத்தைச் சரியாகச் சொல்லியிருக்க முடியாது. நேரம் ஒருநாள் முடியும் என்பதை மட்டும் பிசகாமல் சொன்னது.

இவற்றுள் மிகப் புகழ்பெற்றது ஸ்காட்லாந்து அரசி மேரி ஸ்டூவர்ட்டின் பெயரோடு வழங்குவது. பத்தொன்பது ஆண்டுகள் இங்கிலாந்தில் சிறைப்பட்டிருந்து 1587ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் நாள் சிரச்சேதம் செய்யப்பட்ட அந்தக் கத்தோலிக்க அரசி, தம் தோழி மேரி சீட்டனுக்கு அதை வழங்கினார் என்பது மரபுச் செய்தி. மேரி சீட்டன் அரசியோடு சிறைவாசத்தையும் பகிர்ந்துகொண்டவர். உடல் நலிந்தபின் பிரான்சு நாட்டில் ரெய்ம்ஸ் நகரத்துக் கன்னியர் மடத்தில் வாழ்ந்து மறைந்தார். அக்கடிகாரத்தின் நெற்றியில் மரணத்தின் உருவம் செதுக்கப்பட்டுள்ளது. அதன் ஒரு கால் அரண்மனை வாயிலிலும் மறு கால் குடிசை வாயிலிலும் ஊன்றி நிற்கிறது. கடிகார வல்லுநர்களோ, இன்று எஞ்சியுள்ள மண்டையோட்டுக் கடிகாரங்களில் பல அரசியின் காலத்துக்குப் பிற்பட்டவை என்றும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் சேகரிப்பாளர்களுக்காகவே செய்த நகல்களும் உண்டு என்றும் ஐயுறுகின்றனர். அருங்காட்சியகங்களும் செல்வர்களும் இன்றும் அவற்றைப் பெருவிலை கொடுத்துத் தேடுகிறார்கள். மரணத்தை மறவாதிருக்கச் செய்த பொருளே வாங்கிச் சேர்க்கும் ஆசையைத் தூண்டுவது வியப்புத்தான்!

இது நமக்குப் புதிய செய்தியும் அன்று. திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொள்கிறோம். புனித ஜெரோம் படிக்கும் ஓவியங்களில் அவர் மேசைமேல் ஒரு மண்டையோடு இருப்பதைக் கண்டிருக்கிறோம். சாம்பலும் மண்டையோடும் சொல்வதைத்தான் அக்கடிகாரமும் சட்டைக்குள்ளிருந்து டிக் டிக் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

மாளிகை மக்களுடையதாயிற்று

அரண்மனை வாயிலிலும் கால் ஊன்றி நிற்கும் அந்த விருந்தாளி, திவான் தேவ்டிக்கும் வந்தான். 1948 செப்டம்பரில் ஹைதராபாத் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. அடுத்த ஆண்டு, 1949 மார்ச் 2ஆம் நாள், மூன்றாம் சாலார் ஜங் தம் அறுபதாவது வயதில் காலமானார். கூடத்தில் அத்தனை கடிகாரங்கள் இருந்தும் அவருக்கு ஒரு நிமிடம் கூட்டித் தர எதனாலும் முடியவில்லை.

அவருக்கு மனைவி இல்லை, மக்கள் இல்லை. மாளிகை நிறைய இருந்த பொருள்களின் கதி என்ன? உறவினர்கள் உரிமை கோரினர். ஏலத்தில் நாலாபுறமும் சிதறிப் போயிருந்தால் இன்று நாங்கள் எழுதுவதற்கு ஒன்றும் இராது. நல்லவேளையாக, சொத்துக்களைக் காக்க அரசு ஒரு குழுவை அமைத்தது. அப்போது ஹைதராபாத் நிர்வாகத்தின் தலைமையில் இருந்த எம். கே. வெள்ளோடி, இவற்றை அருங்காட்சியகமாக்க வேண்டும் என்று எண்ணினார். திருவனந்தபுரத்தில் ஓவியக் கூடம் அமைத்த அனுபவமுடைய அயர்லாந்துக் கவிஞர் ஜேம்ஸ் கசின்ஸ், அறை அறையாகக் குவிந்து கிடந்த பொருள்களை வகைப்படுத்தி அடுக்கினார்.

1951 டிசம்பர் 16ஆம் நாள் பிரதமர் ஜவாஹர்லால் நேரு திவான் தேவ்டியில் அருங்காட்சியகத்தைத் திறந்து வைத்தார். உறவினர்களோடு உடன்பாடு ஏற்பட்டபின், 1961இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி இதைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவித்தது. 1968இல் மூசிக் கரையில் இப்போதுள்ள புதுக் கட்டடத்திற்கு மாறியது. பழைய மாளிகையின் பெரும்பகுதி இன்று இல்லை. அதன் நடுவில் ஒருவர் தனியாகக் கேட்டு மகிழ்ந்த மணியோசையை இன்று நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் கேட்கிறார்கள்.

நாம் என்ன கற்கிறோம்?

சாலார் ஜங்கைப் பற்றி எங்களிடையே இரண்டு கருத்துகள் எழுந்தன. அதையும் மறைக்காமல் எழுதுகிறோம். ஏழைகள் நிறைந்த நாட்டில் இவ்வளவு பணத்தைக் கடிகாரத்திலும் பீங்கானிலும் போட்டது தகுமா என்று சிலர் கேட்டோம். அவருக்கு வந்த வருவாய் உழவர்கள் உழைத்த நிலத்திலிருந்து வந்தது என்பதும் உண்மையே. பதவியும் செல்வமும் இருந்த மற்ற பலர் அவற்றைத் தடமில்லாமல் செலவழித்தபோது, இவர் உலகத்தின் அழகையெல்லாம் நம் நாட்டுக்குக் கொண்டு வந்து சேர்த்தார் அல்லவா என்று மற்றவர்கள் சொன்னோம். ரயில் ஈரோடு வரும்வரை வாதம் ஓயவில்லை. ஒன்றில் மட்டும் ஒத்துப்போனோம். அந்த உழவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அந்த முற்றத்தில் நாற்காலி போட்டு அமர்ந்து, தாடிக்காரர் வருவதற்காகக் காத்திருக்கிறார்கள். பூட்டிய மாளிகையில் இருந்தவரை அது ஒருவருடைய செல்வம்; கதவு திறந்த பிறகே அதற்குப் பொருள் வந்தது.

முடிக்குமுன் ஒரு சிறு செய்தி. எங்களில் ஒருத்தியின் அப்புச்சி பொள்ளாச்சிப் பக்கத்துக் கிராமத்தில் வாழ்ந்தவர். ஞாயிறுதோறும் முக்காலி போட்டு ஏறிச் சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பார். சென்ற ஐப்பசியில் அவர் இறைவனடி சேர்ந்தார். அதன்பின் சாவி கொடுப்பார் இல்லாமல் கடிகாரம் நாலே காலில் நின்றுபோயிற்று. அதைத் தொட வீட்டில் யாருக்கும் மனம் வரவில்லை. சுற்றுலா முடிந்து வந்த வாரம் அவள் அந்த முக்காலியை எடுத்துப் போட்டு ஏறினாள். எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்பது தெரியாது. சாவி இறுகும்வரை மெல்லச் சுற்றினாள். கடிகாரம் ஓடத் தொடங்கியதும் சமையலறையிலிருந்து அம்முச்சி ஓடி வந்து பார்த்தார்களாம். ஒன்றும் பேசவில்லையாம், மணி அடிக்கும்வரை அங்கேயே நின்றார்களாம்.

இப்போது ஞாயிறுதோறும் சாவி கொடுப்பது அவள் வேலை. அருங்காட்சியகத்தின் இசைக் கடிகாரத்துக்கும் யாரோ ஒருவர் இப்படித்தான் சாவி கொடுத்துக்கொண்டிருக்கிறார். தேடிச் சேர்த்தவர் போய் எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் கொல்லரின் சுத்தியல் நிற்கவில்லை. நமக்குத் தரப்பட்ட நேரம் எவ்வளவு என்பது நம் கையில் இல்லை. நமக்கு முன்னிருந்தவர்கள் விட்டுச் சென்றது நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது. ஹைதராபாத் செல்லும் வாசகர்கள் வெள்ளிக்கிழமை தவிர்த்துச் செல்லுங்கள். அன்று அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. பன்னிரண்டு மணிக்குச் சற்று முன்னதாகவே சென்று முன்வரிசையில் இடம் பிடித்துக்கொள்ளுங்கள்.

— பதினோராம் வகுப்பு மாணவியர்